அறுபது லிட்டர் கடல்

கோட்டூர்புரத்திலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை நான்கைந்து கிலோமீட்டர்தான். ஊரின் ஓரமாக ஓடும் அடையாறு, கொஞ்ச தூரத்தில் கடலில் கலந்துவிடுகிறது. கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், இங்குள்ள ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் கடல்நீரைக் கெடாமல் வைத்திருப்பது கடினமான வேலை.

தங்கமீனும் கப்பியும் வளர்த்துப் பழகியவர்களுக்கு அடுத்ததாக வரும் ஆசை கடல்மீன் தொட்டி. கொளத்தூர் கடைகளில் ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக நீந்தும் கோமாளி மீனைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். செலவையும் இடத்தையும் எண்ணி, 'முதலில் சின்னதாக ஆரம்பிப்போம்' என்று ஐம்பது, அறுபது லிட்டர் தொட்டியை வாங்குகிறார்கள். கேட்பதற்கு நியாயமான முடிவு. ஆனால் கடல்மீன் வளர்ப்பில் தொட்டி சிறுக்கச் சிறுக்க வேலை பெருகும்.

கடல் தன் பரப்பாலும் ஆழத்தாலுமே சில வேலைகளைச் செய்துவிடுகிறது. கழிவைக் கரைத்து ஒன்றுமில்லாமல் ஆக்குகிறது. வெயிலை வாங்கிக்கொண்டும் சூடேறாமல் இருக்கிறது. மழை பெய்தாலும் நீர் ஆவியானாலும் உப்பின் அளவு பெரிதாக மாறாமல் நிற்கிறது. அறுபது லிட்டரில் அந்த வேலைகளைச் செய்ய வேறு யாரும் இல்லை. வளர்ப்பவர்தான் செய்ய வேண்டும். அவை என்னென்ன, சென்னையில் அவை ஏன் கூடுதல் கடினம் என்று தெரிந்துகொண்டு இறங்குபவரின் மீன்கள் பிழைக்கும்.

சென்னைக்குக் கடல்மீன் தொட்டி புதிதல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-இல் மெரினாவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற அச்சத்தில் 1942-இல் அது மூடப்பட்டது. அன்று ஓர் அரசுக் கட்டடம் கடலோரத்திலேயே நின்று செய்த காரியத்தை இன்று ஒரு குடும்பம் மூன்றாவது மாடியில் செய்ய முயல்கிறது.

உப்பின் சேர்மானம்

முதல் கேள்வி உப்பு. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் குளோரைடும் சோடியமும், அதாவது நம் சமையல் உப்பின் இரு கூறுகள். மீதியில் சல்ஃபேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் வருகின்றன. மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம் என்ற அளவில் இருந்தாலும் இவை இல்லாத நீரில் கடல் உயிர் வாழாது.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' ஆய்வுக் கப்பல் பல கடல்களிலிருந்து நீர் எடுத்து வந்தது. அவற்றில் 77 மாதிரிகளைப் பகுத்தாய்ந்த வேதியியலாளர் வில்லியம் டிட்மார், 1884-இல் முடிவுகளை வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம். முக்கியமான கூறுகளின் விகிதம் மட்டும் ஏறக்குறைய மாறுவதே இல்லை. இந்த மாறாத விகிதம் இருப்பதால்தான் தொழிற்சாலையில் கடல் உப்புக் கலவை தயாரித்துப் பையில் அடைத்து விற்க முடிகிறது.

'உப்பளத்தில் எடுப்பதும் கடல் உப்புதானே, அதைக் கரைத்தால் போதாதா?' என்று பலர் கேட்கிறார்கள். மரக்காணம் உப்பளங்களில் நடப்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிகின்றன. அதற்கடுத்த கட்டத்தில்தான் சோடியம் குளோரைடு படிகமாகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை படியாமல் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. அந்த நீரை உப்பளத் தொழிலாளர்கள் வடித்துவிடுகிறார்கள். சாப்பாட்டுக்கு நல்ல உப்பு கிடைக்க இதுவே வழி. ஆனால் அந்த உப்பைக் கரைத்தால் கால்சியமும் மெக்னீசியமும் இழந்த நீர்தான் மிஞ்சும். ஆகவே மீன்தொட்டிக்கென்று தயாரித்த கலவையைத்தான் வாங்க வேண்டும்.

பெசன்ட் நகரில் கடல்நீரையே மொண்டு வந்தால்? ஆற்று முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள கரைநீரில் நகரத்தின் கழிவும் சேர்ந்திருக்கும். உப்பின் அளவும் ஆண்டு முழுக்க ஒன்றாக இருக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலின் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. கங்கை முதல் கிருஷ்ணா வரையிலான ஆறுகள் கொட்டிய நன்னீரையும் அது சென்னைக் கரைக்குக் கொண்டுவருகிறது. மேல்மட்டத்தில் உப்பு கணிசமாகக் குறைந்துவிடும். ஜூன் மாதத்துக் கடல்நீரும் டிசம்பர் மாதத்துக் கடல்நீரும் வேறு வேறு.

எந்தத் தண்ணீரில் கரைப்பது?

கோட்டூர்புரத்தில் பல குடியிருப்புகளின் சம்ப்பில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்தே இருக்கின்றன. கோடையில் லாரித் தண்ணீரும் சேரும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் உண்டு. போர் தண்ணீரில் கடினத்தன்மையும் இரும்பும் நைட்ரேட்டும் இருக்கலாம். அவை தொட்டிக்குள் சேர்ந்தால் பாசி பிடிக்கும். எனவே ஆர்.ஓ. நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும்.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பெரும்பாலும் குடிநீருக்குச் சுவை இருக்க வேண்டும் என்பதற்காக, வடிகட்டாத நீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கின்றன. டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் ஐம்பது, நூறு என்று காட்டும். தொட்டிக்கு அது பத்துக்குக் கீழே இருப்பது நல்லது. கலப்பதற்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து நீரை எடுக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்கலாம். இரண்டாவது, சில கருவிகளில் உடல்நலத்துக்கென்று செம்பு சேர்க்கும் கேட்ரிட்ஜ் பொருத்தப்பட்டிருக்கிறது. மனிதருக்குக் கேடில்லாத அந்தச் செம்பு, இறாலுக்கும் நத்தைக்கும் கடல் சாமந்திக்கும் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கொடுக்கும் செம்பு மருந்துக்கும் இது பொருந்தும்: அந்த மருந்தை நத்தையும் இறாலும் உள்ள தொட்டியில் ஊற்றக் கூடாது, மீனைத் தனியே வேறு தொட்டிக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் ஆலை, கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீரைத் தென்சென்னைக்கு அனுப்பும் திறன் கொண்டது. அவ்வளவு மின்சாரம் செலவழித்து நன்னீராக்கிய தண்ணீரில் நாம் மறுபடி உப்பைக் கரைக்கிறோம். அந்த நீரின் மதிப்பை உணர்ந்தவர் அதை வீணடிக்க மாட்டார். ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரைத் தரை துடைக்கப் பயன்படுத்துவதும் இந்த வளர்ப்பின் ஒரு பகுதி.

நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 1.8 லிட்டர் போய்விட்டது என்று பொருள். மின்விசிறி சுழலும் கூடத்தில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியாவது இயல்பு. அறுபது லிட்டரில் ஆறு லிட்டர் குறைந்தால் ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பு 39-ஐ எட்டும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் இதுதான் நடந்திருக்கும்.

இந்த நான்கு கிராம் மீனை ஏன் பாதிக்கிறது? கடல்மீனின் உடல் திரவத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகையால் அதன் உடம்பிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிகிறது. இழந்ததை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. கூடவே வந்த உப்பைச் செவுள்களிலுள்ள சிறப்பு செல்கள் வழியே வெளியேற்றுகிறது. கடல்மீன் நீர் குடிக்கிறது என்பதை ஹோமர் ஸ்மித் 1930-இல் நிறுவினார். இந்த வேலைக்கு மீன் தன் ஆற்றலில் ஒரு பகுதியை எந்நேரமும் செலவிடுகிறது. உப்பு ஏறினால் செலவு ஏறும். நோயை எதிர்க்கும் வலு குறையும். மெதுவான மாற்றத்தை மீன் பொறுத்துக்கொள்ளும், திடீர் மாற்றத்தில் துவண்டுவிடும்.

குறைந்த நீருக்குப் பதிலாக உப்பு கலக்காத ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். போனது நீர் மட்டும். உப்பு முழுக்கத் தொட்டியிலேயே இருக்கிறது. உப்புநீரையே மறுபடி மறுபடி ஊற்றினால் அளவு ஏறிக்கொண்டே போகும். தொட்டியின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவைத்து, தினமும் காலையில் அந்தக் கோடு வரை நிரப்புவதே எளிய வழி. உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது. மலிவான மிதவை அளவிகளின் முள்ளில் உப்பு ஒட்டிக்கொண்டு தவறான அளவைக் காட்டும்.

கத்திரி வெயிலும் கடற்காற்றும்

வெளிநாட்டுக் கையேடுகள் ஹீட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். சென்னையில் ஹீட்டருக்குப் பெரிய வேலையில்லை. மே மாதத்தில் கூடத்தின் வெப்பம் 33, 34 டிகிரியைத் தொடும்போது, பம்பும் விளக்கும் தரும் சூட்டையும் சேர்த்துத் தொட்டி நீர் அதையும் தாண்டக்கூடும். கோமாளி மீனுக்கு 26 முதல் 28 டிகிரி வசதி. சூடான நீரில் இரட்டை இக்கட்டு உண்டு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் 6.8 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 6.2 ஆகக் குறையும். அதே நேரத்தில் மீனின் உடல் இயக்கம் வேகமெடுத்து அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படும்.

மலிவான தீர்வு, நீர்ப்பரப்பின் மேல் வீசும் ஒரு சிறிய மின்விசிறி. கோடையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதற்கான காரணமே இங்கும் வேலை செய்கிறது. ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அறுபது லிட்டர் நீரைப் பத்து டிகிரி குளிர்விக்க இது போதும். அறையின் சூடு திரும்பத் திரும்ப உள்ளே வருவதால் உண்மையில் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும்.

காற்றில் ஈரம் மிகுந்தால் இந்த வழி தளர்ந்துவிடும். பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் வெப்பம் தணிந்தாலும் ஈரம் ஏறுகிறது. நீர் ஆவியாவது குறைகிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே ஆவியாதலால் எந்த நீரையும் குளிர்விக்க முடியாது. கோடையில் சென்னைக் கடலோரத்தில் அந்த எல்லையே 27, 28 டிகிரியில் நிற்கும். எனவே மின்விசிறியால் மீனைக் காப்பாற்றலாம். அதைவிடக் குளிர்ந்த நீர் கேட்கும் உயிர்களை வைக்க வேண்டுமென்றால் சில்லர் தேவை. சில்லரின் விலை பெரும்பாலும் தொட்டியின் விலையைத் தாண்டும். வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. எந்த அறையில் வெயில் படாது, எந்தச் சுவர் சுடாது என்று பார்த்து இடம் தேர்வதற்குச் செலவே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவு

புதிய தொட்டியில் மீன்கள் சாவதற்கு முதற்காரணம் அமோனியா. மீன் தன் செவுள்கள் வழியே அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் மிச்சமான தீனியும் அழுகி அமோனியா ஆகிறது. நீரில் அமோனியா இரு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருக்கும்போது கேடு குறைவு. அமோனியா வாயுவாகக் கரைந்திருக்கும்போது செவுளைக் கருக்கிவிடும். எந்த வடிவம் எவ்வளவு என்பதை நீரின் பி.எச். தீர்மானிக்கிறது. பி.எச். 7 உள்ள நன்னீரில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8.2 உள்ள கடல்நீரில், நம் ஊர் வெப்பத்தில், நூற்றில் ஆறேழு பங்கு. ஒரே அளவு அமோனியா கடல்மீனுக்குப் பல மடங்கு கொடியது. நன்னீர்த் தொட்டியில் தப்பித்த அதே கவனக்குறைவு இங்கே மீனைக் கொல்வது இதனால்தான்.

இதைத் தீர்ப்பவை நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை, கேடு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நூறாண்டுகளுக்கு மேல் இந்த வேலையைப் பாக்டீரியா மட்டுமே செய்கிறது என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். 2005-இல் அந்த நம்பிக்கை மாறியது. அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தில், ஒரு வெப்பமண்டலக் கடல்மீன் தொட்டியிலிருந்து ஆர்க்கியா வகையைச் சேர்ந்த ஓர் உயிரை ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தார்கள். நைட்ரோசோபியூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயரிடப்பட்ட அதுவும் அமோனியாவை உண்டு வாழ்கிறது. அதன் இனத்தார் உலகக் கடல்களில் ஏராளமாக இருப்பது பிறகு தெளிவாயிற்று. பெருங்கடலின் நைட்ரஜன் சுழற்சியில் விடுபட்டிருந்த ஒரு முக்கியக் கண்ணி மீன்தொட்டியில்தான் அகப்பட்டது.

இந்த உயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. உணவைக் கெடுக்கும் பாக்டீரியாவைப் போல அரைமணிக்கு ஒருமுறை இரட்டிப்பதில்லை; அரைநாளோ ஒரு நாளோ எடுத்துக்கொள்ளும். பாறையிலும் மணலிலும் ஃபில்டரிலும் அவை போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. மீனுக்குப் பதிலாகச் சிட்டிகை தீனியோ சில துளி அமோனியாவோ சேர்த்து, சோதனைக் கருவியால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நின்று நைட்ரேட் மட்டும் தென்படும் நாளில்தான் தொட்டி தயார். இடையில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் படலம் ஒன்று படரும். அது டயாட்டம் என்னும் நுண்பாசி. பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். அதைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் கழுவினால் குடியேறிய துப்புரவாளர்களும் போய்விடுவார்கள்.

சிறிய தொட்டிக்கு உள்ள ஒரே வசதியும் இங்கேதான் உதவுகிறது. வாரம் ஒருமுறை ஆறு லிட்டர் நீரை மாற்றினால் பத்திலொரு பங்கு புதிதாகிவிடும். ஒரு வாளி நீரும் 210 கிராம் உப்பும் போதும்.

மின்சாரம் நின்றால்

1846-இல் லண்டனில் வாழ்ந்த அன்னா தின் என்னும் பெண், டார்க்கி கடற்கரையிலிருந்து கொண்டுவந்த பவள உயிர்களை வீட்டில் வளர்த்தார். பம்பு இல்லாத அந்தக் காலத்தில், அவர் வீட்டுப் பணிப்பெண் தினமும் முக்கால் மணி நேரம் வரை திறந்த ஜன்னலருகே நின்று, கடல்நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தார். காற்றும் நீரும் கலக்க வேண்டும் என்ற அடிப்படை இன்றும் அதுவே. ஏசி போட்டுக் கதவு ஜன்னல் அடைத்த அறையில் கரியமில வாயு கூடி, தொட்டி நீரின் பி.எச். இறங்குவதும் இதனால்தான். பகலில் சிறிது நேரம் ஜன்னலைத் திறந்துவைத்தாலே அது சரியாகும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்துக்குள் புகுந்ததும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்தைப் புரட்டிப்போட்டதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொட்டித் தீர்த்ததும் இங்குள்ளவர்களுக்கு மறக்காது. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்தில் முதற்கவலை மனிதர்களைப் பற்றியதாகவே இருக்கும்; மீனுக்கான ஏற்பாடு அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், ஐந்து வாட் அளவில் ஓடும் சிறிய நீரோட்டப் பம்பை அதில் இணைத்துவிடலாம். மூடிய ஃபில்டருக்குள் பல மணி நேரம் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் மடிந்திருக்கும். மின்சாரம் வந்ததும் அந்த நீரைத் தொட்டிக்குள் விடாமல் கொட்டிவிட்டுப் பிறகே இயக்க வேண்டும்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

வெளிநாட்டுக் காணொளிகளில் தொட்டி நிறையப் பவளம் மலர்ந்திருக்கும். இங்கே சட்டம் வேறு. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், கடல் குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. உயிருள்ளதானாலும் செத்துக் கல்லானதானாலும் பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். கடலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரும் 'லைவ் ராக்' பெரும்பாலும் பவளத் துண்டுதான். பீங்கான் பாறையோ, சிமெண்ட் கலவையில் வார்த்த செயற்கைப் பாறையோ போதும். நுண்ணுயிர்களுக்குத் துளைகள் நிறைந்த பரப்புதான் தேவை.

சட்டத்துக்குப் பின்னால் வலுவான காரணம் இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. அங்குள்ள பவளங்கள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் பெருமளவில் வெளிறின. நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் சூடாக இருந்ததே காரணம். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பே தாங்காத சூட்டை எதிர்த்து நிற்கும் பவளத்தை, அலங்காரத்துக்காக மேலும் பெயர்த்தெடுப்பது கொடுமை.

மீனிலும் இந்தக் கவனம் வேண்டும். பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவற்றின் முட்டைகள் கடலில் மிதந்து திரிபவை. நுண்ணிய குஞ்சுகளைத் தொட்டியில் வளர்ப்பது கடினம். ஆகவே கடையில் இருக்கும் பல மீன்கள் கடலில் பிடித்தவை. கோமாளி மீன் பாறையில் ஒட்டி முட்டையிட்டு, குஞ்சு வெளிவரும்வரை காவல் காக்கிறது. அதனால் அதைப் பண்ணையில் வளர்க்க முடிகிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. பண்ணையில் பிறந்த மீன் காய்ந்த தீனியை உண்ணப் பழகியது. தொட்டி வாழ்க்கை அதற்குப் புதிதல்ல. கடைக்காரரிடம் 'பண்ணை மீனா, கடலில் பிடித்ததா?' என்று கேட்டே வாங்க வேண்டும். நம் முன்னால் ஒருமுறை தீனி போடச் சொல்லிப் பார்ப்பதும் நல்லது. முப்பது சென்டிமீட்டர் வரை வளரும் நீல சர்ஜன் மீனுக்கு இரண்டடித் தொட்டி சிறை. கடல் சாமந்திக்கு வலுவான ஒளியும் முதிர்ந்த நீரும் தேவை. புதியவருக்கு அது வேண்டாம், அது இல்லாமலே கோமாளி மீன் நன்றாக வாழும்.

வீட்டில் இடமிருந்தால் மூன்றடித் தொட்டியில், நூற்றைம்பது லிட்டரில் தொடங்குங்கள். அறுபது லிட்டர்தான் முடியும் என்றால், பண்ணையில் பிறந்த ஒரு ஜோடிக் கோமாளி மீனும் சில நத்தைகளும் போதும். அதற்குமேல் ஒரு மீன்கூட வேண்டாம். தினம் காலையில் கோடு வரை நன்னீர், வாரம் ஒரு வாளி புதிய கடல்நீர், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் தீனி, ஒரு நோட்டில் உப்பும் வெப்பமும். இவற்றைத் தவறாமல் செய்பவர் வீட்டில் கோமாளி மீன் பத்தாண்டுக்கு மேல் வாழும். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்க வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த ஆறு வாரம் அவர்களையே அமோனியாவை அளந்து எழுதச் சொல்லுங்கள். அளவு ஏறி இறங்குவதைத் தங்கள் கையெழுத்தில் கண்ட பிள்ளைகளுக்கு, மீன் எப்போது வரலாம் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.